ஒன்பது பெயர்களில் ஐந்தரை

கங்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வலது கை மேலங்கியின் பைக்குள் போகும். அங்கே உள்ளங்கையில் அடங்குகிற ஒரு மீட்டர் இருக்கும். இரும்பின்மேல் பெயிண்ட் எத்தனை தடிமனாகப் படிந்திருக்கிறது என்று சொல்கிற மீட்டர். அதை எடுத்து எதிரில் இருக்கிற பொருளின்மேல் வைத்துப் பார்ப்பாள். எண் சரியாக இருந்தால் கோபம் கொஞ்சம் இறங்கும். சரியில்லாவிட்டால் அந்தப் பொருள் அன்றைக்கு லைனைத் தாண்டாது.

மணிமங்கலத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் ஆலந்தாங்கலுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். நிலம் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு கணவர் கம்பெனி பஸ் ஓட்டப் போனார். இவள் ஒரகடத்தில் லாரிகளுக்கு இரும்புச் சட்டம் செய்கிற தொழிற்சாலையில், பெயிண்ட் ஷாப்பில், துடைக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். படிப்பு பத்தாவது. பெயிண்டைப் பவுடராகப் பூசுவதற்கு முன்னால் சட்டத்தில் தூசி இல்லாமல் துணியால் துடைத்து அனுப்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் துடைத்துக்கொண்டே பார்ப்பாள். எது திரும்பி வருகிறது, எது போகிறது, திரும்பி வருவதில் எந்த இடத்தில் குறை என்று மூன்று வருடம் பார்த்தாள்.

ஒருநாள் இன்ஸ்பெக்டர் நாற்பது சட்டங்களை 'ஓகே' போட்டு அனுப்பப் போனபோது, "சார், இந்த வளைவுல பவுடர் சரியா புடிக்கல சார்" என்றாள்.

"துணியப் புடிக்கிறது உன் வேலை. பவுடர் புடிக்கிறது என் வேலை. போம்மா."

நாற்பதும் போயின. மூன்றாம் மாதம் நாற்பதும் அதே வளைவில் துருப்பிடித்துத் திரும்பி வந்தன. அதற்கு அடுத்த மாதம் அவள் கையில் மீட்டரைக் கொடுத்தார்கள். இப்போது நாற்பத்தாறு வயது. டிப்ளமா முடித்து வருகிற பிள்ளைகள் அவளிடம் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறார்கள்.

இவ்வளவும் சொல்வதற்குக் காரணம் உண்டு. எண்களோடு இருபது வருடம் வாழ்ந்தவளை ஒரு பழைய காகிதத்தின் எண்கள்தான் இந்த விவகாரத்துக்குள் இழுத்துவிட்டன.

போர்க்காலத்தில், 1943 வாக்கில், ஆலந்தாங்கல் ஏரிக்குக் கிழக்கே அவசரமாக ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். ஓட்டை ஓட்டையாகத் துளைத்த இரும்புத் தகடுகளைப் பாய்போல ஒன்றோடொன்று கோத்துத் தரையில் விரித்துப் போட்ட தளம். போர் முடிந்ததும் கைவிட்டார்கள். இப்போது அதன்மேல் இரண்டு கிடங்குகளும் ஒரு லாரி நிறுத்தமும் இருக்கின்றன. மூன்று வருடத்துக்கு முன்னால் சில கம்பெனிகள் சேர்ந்து நடத்துகிற அறக்கட்டளை ஒன்று, அந்தக் காலத்து நினைவாக ஒரு சின்ன அருங்காட்சியகம் கட்ட முடிவு செய்தது. அதன் பொறுப்பாளர் தமிழ்வாணன் ஊருக்கு வந்து கூட்டம் போட்டார். யார் வீட்டிலாவது பழைய பொருள் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு, ஆவணக் காப்பகத்திலிருந்து எடுத்த ஒரு காகிதத்தின் நகலைச் சுற்றுக்கு விட்டார்.

அதில் ஒரு தீ விபத்து பதிவாகியிருந்தது. பெட்ரோல் பீப்பாய்க் கொட்டகை எரிந்துபோனது. நஷ்டம், பீப்பாய்கள் இருபத்திரண்டு. அதற்குக் கீழே இருபத்திரண்டு பீப்பாய்களின் வரிசை எண்களும் ஒன்றுவிடாமல் இருந்தன. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரி: கூலிகள், பெண்கள், இறப்பு ஒன்பது.

கங்கா அந்தக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"சார், அடுத்த பக்கம் எங்க சார்?"

"அவ்ளோதான் மேடம். ஒரு பக்கம்தான்."

"பீப்பாய்க்கு நம்பர் எழுதிக்கிறான். பொம்பளைங்களுக்குப் பேர் எழுதலியா?"

"அந்தக் காலம் மேடம், அப்படித்தான்."

அவள் கை பைக்குள் போனது. அன்று மீட்டர் தொழிற்சாலையில் இருந்தது, பை காலி.

அதன் பிறகு இரண்டு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் கங்காவை வீட்டில் பார்க்க முடியவில்லை. ஆலந்தாங்கல், சுற்றியுள்ள இரண்டு ஊர், வடக்குப்பட்டு வரைக்கும் போய்க் கேட்டாள். செத்தவர்கள் சரளைக்கல் சுமந்த பெண்கள், மத்தியான வெயிலுக்குக் கொட்டகை நிழலில் படுத்திருந்தவர்கள் என்பது பலருக்குத் தெரிந்திருந்தது. பெயர் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்கள் இந்த ஊர்க்காரர்கள் இல்லை, எங்கிருந்தோ கூட்டிவந்த கூலிகள். ஆனால் மூன்று பேர், ஒருவரையொருவர் அறியாத மூன்று பேர், ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். கூலிகளின் மேஸ்திரி ஒன்பது பெயரையும் ஒரு தகட்டின்மேல் தாரால் எழுதி ஏரிக்கரையில் நட்டுவைத்தார். போர் முடிந்ததும் ஊரார் தகடுகளைப் பிடுங்கி ஆட்டுக் கொட்டகைக்கு அடைப்பாக வைத்தபோது அதுவும் போய்விட்டது.

அப்படியானால் அது ஏதோ ஒரு கொட்டகையில் இருக்கிறது. கங்கா பட்டியல் போட்டாள். மூன்று ஊரிலும் பதினான்கு தகடுகள். ஒவ்வொன்றின் இரண்டு பக்கமும் பார்த்துக் குறித்தாள். பதின்மூன்றில் ஒன்றுமில்லை. பதினான்காவது, கணவரின் அண்ணன் நாகப்பனுடைய கொட்டகையில், அவள் வீட்டுக்கு அடுத்த வாசலில் இருந்தது. அதை மட்டும் அவள் பார்க்கவில்லை. "பின்னாடி ஒண்ணும் இல்லம்மா, நா பாத்துக்கீறேன்" என்று நாகப்பன் முதல் மாதமே சொல்லியிருந்தார். மூத்தவர் சொன்னதை நம்பி 'சரி' என்று குறித்திருந்தாள். தொழிற்சாலையில் வேறு யாராவது இப்படிப் பார்க்காமல் குறித்திருந்தால் அவனை இரண்டு நாள் நிற்க வைத்திருப்பாள்.

அடுத்த ஞாயிறு டார்ச்சோடு போய் நின்றாள்.

"மாமா, பின்பக்கம் எப்போ பாத்தீங்க?"

"இன்னாம்மா கங்கா, போலீசு கேக்கிற மாதிரி கேக்குற? தோ, அப்போ... ராஜீவ் காந்தி செத்த வருசம், சுவரு கட்டினப்போ."

"பாத்தீங்களா, இல்ல பாத்த மாதிரி கீதா?"

"பாத்த மாதிரிதான் கீது" என்று நாகப்பன் தலையைச் சொறிந்தார். "ஆட்டுக் கொட்டாய்ல இன்னாத்தப் பாக்கறது? ஆட்டத்தான் பாப்பாங்க."

தகட்டின் அடி சிமென்ட்டில் புதைந்திருந்தது. சுவருக்கும் தகட்டுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. கங்கா சாணத்தில் மண்டியிட்டு, கன்னத்தைச் சுவரில் ஒட்டி, டார்ச்சை உள்ளே விட்டாள். சுண்ணாம்பும் தூசியும் ஒட்டடையும் கெட்டியாகப் படிந்திருந்தன. ஓட்டை வரிசைகளுக்கு நடுவே ஓடுகிற பட்டையில், சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், கறுப்பாக ஒரு 'அ' தெரிந்தது. அப்புறம் 'ஞ்ச'. அப்புறம் தும்பிக்கை தூக்கின பழைய காலத்து 'லை'.

அஞ்சலை.

அவள் அப்படியே கிடந்தாள். ஓர் ஆடு அவள் முந்தானையை மென்றுகொண்டிருந்தது. நாகப்பன், "இன்னாம்மா, பாம்பு கீம்பு கீதா?" என்று பயந்து குனிந்தார்.

அன்றைக்கு நான்கு பெயர் படிக்க முடிந்தது. அஞ்சலை, செங்கேணி, பச்சையம்மா, எல்லம்மா. மீதி சுண்ணாம்புக்குள் இருந்தது. செல்போனை அந்த இடுக்கில் விட்டு எடுத்த படங்களில் ஒட்டடை மட்டும் தெளிவாக விழுந்திருந்தது.

தமிழ்வாணன் சந்தோஷப்பட்டார். தகடு அருங்காட்சியகத்தின் நடுச்சுவரில் இருக்கும், ஒன்பது பெயரும் அதற்குப் பக்கத்தில் பெரிதாக இருக்கும் என்றார். "ஆனா மேடம், தகட்டுல பேர் கண்ணுக்குத் தெரியணும். ஆதாரம் இல்லாம நாங்க எழுத முடியாது. கமிட்டி கேக்கும்." அது நியாயம்தான் என்று கங்காவுக்கும் தோன்றியது. ஆதாரமில்லாமல் அவளும் எதற்கும் கையெழுத்துப் போடுவதில்லை.

அருங்காட்சியகத்துக்காக ஒரு பன்னிரண்டு நிமிட ஆவணப்படமும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எடுத்தவள் கவியா. கோவில்பட்டிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி விடுதியில் தங்கி மூன்று வருடம் லைனில் வேலை பார்த்தவள். சேர்த்த காசில் கேமரா வாங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தாள். தகட்டைப் பெயர்த்து எடுத்த வெள்ளிக்கிழமை அவளும் வந்தாள். பதிலுக்கு நாகப்பன் கொட்டகைக்குப் புதிய இரும்புக் கதவு போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவர் தகட்டை விட்டுவிட்டுக் கதவைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏக்கா, இங்கேயே ஒரு வாளித் தண்ணிய ஊத்திக் கழுவிருவோமா? ஒன்பது பேரையும் படம் எடுத்துட்டுப் போயிருதேன்" என்றாள் கவியா.

"வாணாம் கண்ணு. அவசரப்பட்டா சுண்ணாம்போட தாரும் பேந்து வந்துடும். எங்க ஷாப்ல மேசை கீது, ரெண்டு பக்கமும் லைட் கீது. ஞாயித்துக்கிழமை லைன் ஓடாது. பஞ்ச நனச்சு நனச்சு ஒவ்வொரு எழுத்தா எடுக்கலாம். ரெண்டு நாள்ல ஒண்ணும் ஆயிடாது."

சூப்பர்வைசரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லி, கம்பெனி வண்டியிலேயே தகட்டை ஏற்றி உள்ளே கொண்டுபோனாள். வாசலைத் தாண்டி உள்ளே வருகிற எந்த இரும்புக்கும் அங்கே ஓர் அட்டை தொங்க வேண்டும். அட்டை இல்லாத பொருள் தரையில் இருக்கக் கூடாது. சிவப்பு அட்டை என்றால், நில், தொடாதே. கையெழுத்துப் போட்டவர் வந்து கழற்றும்வரை முதலாளியே ஆனாலும் கை வைக்கக் கூடாது. மஞ்சள் அட்டை என்றால், திரும்பச் சரிசெய்ய வேண்டியது, ரீவொர்க்.

மாட்டியிருக்க வேண்டியது சிவப்பு. அது கங்காவுக்குத் தெரியும், அந்த அட்டைகளின் விதியைப் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதே அவள்தான். ஆனால் சிவப்பு அட்டை ஒவ்வொன்றையும் மறுநாள் காலைக் கூட்டத்தில் கணக்குக் காட்ட வேண்டும். ஆட்டுச்சாணத்தோடு இந்த இரும்பு உள்ளே எப்படி வந்தது என்று மேனேஜர் கேட்பார். சூப்பர்வைசர் மாட்டிக்கொள்வார். ரீவொர்க்கில் இரண்டு வாரத்து வேலை ஏற்கெனவே காத்திருந்தது. அதன் வரிசையில் கடைசியாக இதைச் சாய்த்து வைத்தால் ஞாயிறுவரை யார் தொடப் போகிறார்கள்?

மஞ்சள் அட்டையைக் கம்பியால் கட்டி, கையெழுத்துப் போட்டு, மூன்று மணி பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் உள்ளே நுழைந்தபோது, இரண்டாம் ஷிஃப்ட்டின் ரீவொர்க் லீடர் சுபாஷ் காத்துக்கொண்டிருந்தான். ஓ.டி. முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, கண்ண மூடிக்கினு வா."

"இன்னாடா சுபாஷு?"

"வாயேன்."

தகடு ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறத்தில், புதிதாகச் செய்ததுபோல, ட்யூப்லைட் வெளிச்சம் வழிந்து ஓட.

"உன்னோடதுன்னு கையெழுத்தப் பாத்தேன். மியூசியத்துக்குக் குடுக்கப் போறேன்னு சொல்லிக்கினு இருந்தல்ல? வரிசைல இதத்தான் ஃபர்ஸ்ட்டு எடுத்தேன். ரெண்டு வாட்டி பிளாஸ்டிங் போட்டோம்க்கா. எம்பது வருசத் துரு, ஒரு பொட்டு இல்ல. அந்தப் பக்கம் ஏதோ தாரெல்லாம் அப்பிக்கினு இருந்துச்சு, அதுவும் க்ளீன்."

இரும்பு மணிகளைக் காற்றழுத்தத்தில் வீசியடித்துத் துருவை உரிக்கிற எந்திரம் அது. அதற்குள் இரண்டு முறை. பிறகு பவுடர் பூசி, அடுப்பில் வேகவைத்து எடுத்தது.

கங்காவின் கை பைக்குள் போனது. மீட்டரை எடுத்து வைத்தாள். தொண்ணூறு மைக்ரான். நகர்த்தி வைத்தாள். எண்பத்தெட்டு. பூச்சில் பழுது சொல்ல ஒன்றுமில்லை. மஞ்சள் அட்டையில் 'ரீவொர்க் முடிந்தது' என்ற கட்டத்தில் சுபாஷ் அழகாக டிக் அடித்து, நேரம் போட்டு, கையெழுத்துப் போட்டிருந்தான். அவன் விதிப்படி செய்திருந்தான். விதியை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"யக்கா, இன்னாக்கா? ஷேடு மாறிடுச்சா?"

"இல்லடா. நல்லா அடிச்சிக்கிற. போய்த் தூங்கு."

அவன் போன பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அழுகை வரவில்லை. சுவரை இரண்டு முறை கையால் அடித்தாள். கை வலித்தது, அவ்வளவுதான். ஒரு கூட்டத்தில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லச் சங்கடப்பட்டு ஐந்து பேரைத் தொலைத்துவிட்டாள்.

தமிழ்வாணனுக்கு விவரம் சொன்னபோது அவர் பாதியைத்தான் கேட்டார். தகட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "அட, ஷோரூம் பீஸ் மாதிரி இருக்கு மேடம்! நாங்க வெச்சிருக்கிற மத்ததெல்லாம் ஒரே துரு."

"சார், பேர் போயிடுச்சு சார்."

"புரியுது மேடம். வருத்தம்தான்."

"நாலு பேர் நா படிச்சிக்கிறேன். எழுதிக் குடுக்கிறேன்."

"நீங்க படிச்சீங்கன்னு நான் நம்புறேன். கமிட்டி நம்பணுமே? தகட்டுல இப்ப ஒண்ணும் இல்லியே." அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் கங்காவுக்கு எரிச்சலாக இருந்தது. திறப்பு விழாவுக்கு ஆறு வாரம் இருந்தது. பலகையில் 'பெயர் அறியப்படாத ஒன்பது தொழிலாளர்கள்' என்று போட்டுவிடலாம் என்றார்.

அருங்காட்சியகத்தின் பின்கொட்டகையில் தகட்டைச் சாய்த்து வைத்தார்கள். ஒப்படைப்புத் தாளில் 'நிலை' என்ற கட்டத்தை நிரப்பச் சொன்னார்கள். நிரப்புவதற்காகக் கங்கா பின்பக்கத்தை மீட்டரால் அளந்தாள். மீட்டரைக் கேட் பாஸ் வாங்கி எடுத்து வந்திருந்தாள். எண்பத்தொன்பது, தொண்ணூற்றொன்று, நூற்று முப்பத்து நான்கு, நூற்று முப்பது, தொண்ணூறு.

முதலில், சுபாஷ் இந்தப் பக்கத்தைச் சரியாக அடிக்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஒரே அடியில் பூசின தகட்டில் இரண்டு விரல் தூரத்துக்குள் நாற்பது மைக்ரான் ஏறி இறங்கக் கூடாது. விரல் நகத்தால் தடவினாள், வழவழப்பு. மறுபடி அளந்தாள். அதே இடத்தில் அதே எண். பூச்சுப் பிழை என்றால் இப்படிக் கோடு போட்டாற்போல நிற்காது, பரவலாக இருக்கும்.

அப்போதுதான் புரிந்தது. எண்பது வருடம் தார் மூடியிருந்த இடத்தில் துரு இரும்பைத் தின்னவில்லை. தார் இல்லாத இடத்தில் தின்று குழி போட்டிருக்கிறது. எந்திரம் துருவை உரிக்கும், குழியை நிரப்பாது. பவுடர்தான் குழியை நிரப்பி மேலே சமமாக்கியிருக்கிறது. குழி இருக்கிற இடத்தில் பூச்சு தடிமன். தார் இருந்த இடத்தில், எழுத்து இருந்த இடத்தில், பூச்சு மெல்லிசு.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. முதலில் முறை சரியா என்று பார்க்க வேண்டும். அஞ்சலை இருந்த இடம் அவளுக்குத் தெரியும், மேலிருந்து இரண்டாவது ஓட்டை வரிசைக்குப் பக்கத்துப் பட்டை. அங்கே மூன்று மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்து, கட்டம் போட்ட தாளில் எண்களை எழுதினாள். நூறுக்குக் கீழே வந்த கட்டங்களைப் பென்சிலால் கறுப்பாக்கினாள். இரண்டரை மணி நேரம். தாளைக் கொட்டகைத் தூணில் குத்திவைத்துவிட்டுப் பத்தடி பின்னால் போய்ப் பார்த்தாள்.

தும்பிக்கை தூக்கின 'லை' அங்கே நின்றது.

கவியாவைப் போனில் கூப்பிட்டாள். "கண்ணு, கேமராவ எடுத்துக்கினு வா."

அடுத்த ஐந்து ஞாயிறும், முதல் ஷிஃப்ட் முடிந்த சில சாயங்காலங்களும் அந்தக் கொட்டகையில் போயின. கங்கா எண்ணைச் சொல்லச் சொல்ல, கவியா கேமராவை நிறுத்திவிட்டுத் தாளில் எழுதினாள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் புள்ளிகள். இடுப்பு ஒடிந்தது. மீட்டரின் பாட்டரி மூன்று முறை மாறியது.

"ஏக்கா, தூக்கத்துல கூட நூத்திப்பத்து, நூத்திமுப்பதுன்னு சொல்லுதேன். ரூம்ல உள்ளவளுவ எல்லாம் பயப்படுதாளுவ."

"நூத்திப்பத்துன்னா எழுத்து இல்ல. தூக்கத்துலயாவது நூறுக்குக் கீழ சொல்லு."

டார்ச்சில் படித்த நான்கு பெயரும் தாளில் மறுபடி வந்தன. ஐந்தாவதாகக் 'குப்பு' வந்தது, சந்தேகமே இல்லாமல், பளிச்சென்று. கவியா கைதட்டினாள். கங்காவும் சிரித்தாள், அந்த ஐந்து வாரத்தில் அன்று ஒருநாள்தான். ஆறாவதில் முதலில் 'மு', கடைசியில் 'ம்மா'. நடுவே ஓர் எழுத்தோ இரண்டோ, அங்கே சாணத்தின் உப்பு தாரையும் இரும்பையும் சேர்த்தே தின்றிருந்தது. அதற்குக் கீழே தகட்டின் அடிப்பகுதி முழுக்க ஒரே குழி. நூற்று நாற்பது, நூற்று நாற்பத்தைந்து, நூற்று நாற்பது. மூன்று பெண்கள் அந்த எண்களுக்குள் எங்கேயோ இருந்தார்கள். அந்தப் பகுதியை மூன்று முறை அளந்தாள். பிளாஸ்டிங்குக்கு முன்னால் அங்கே பஞ்சால் நனைத்துப் பார்த்திருந்தால் ஒருவேளை தாரின் கறையாவது இருந்திருக்கும் என்ற எண்ணத்தோடு மூன்று முறையும் அளந்தாள்.

தாள்களை ஒட்டி மடித்து, மீட்டருக்கு ஆய்வகம் கொடுத்த சான்றிதழின் நகலையும் வைத்து, தமிழ்வாணனிடம் கொடுத்தாள். அவர் தாளைத் தள்ளி வைத்தும் கிட்ட வைத்தும் பார்த்தார். உண்மையாகவே வியந்தார்.

"மேடம், இது பெரிய வேலை. சரி, அஞ்சு பேர் இருக்கு. ஆறாவது முனியம்மான்னு போட்டுடலாம். மூணு பேர்தான் குறையுது..."

"முனியம்மான்னு யார் சார் சொன்னது?"

"மு, ம்மா. வேற என்ன வரும்?"

"முத்தம்மா வரும். முருகம்மா வரும். எனக்குத் தெரியாது சார். தெரியாததப் போடக் கூடாது."

"யார் மேடம் வந்து கேக்கப் போறா?"

"இவ்ளோ நாளா யாரும் கேக்கலன்னுதான் சார் இந்த நெலம."

அவர் பெருமூச்சு விட்டார். அரைப் பெயரையும் வெற்றிடத்தையும் சுவரில் போட்டால் பார்க்கிறவர்களுக்குக் குழப்பம் என்றார். இந்த முறையை அங்கீகாரம் பெற்ற நிபுணர் யாராவது பார்த்துச் சான்று தர வேண்டும் என்றார். எப்போது பார்ப்பார்கள் என்று கேட்டாள். திறப்பு விழாவுக்குப் பிறகு கமிட்டி முடிவு செய்யும் என்றார். பலகை ஏற்கெனவே அச்சாகி வந்துவிட்டது என்பதை எல்லாவற்றுக்கும் கடைசியில் சொன்னார்.

அந்த வாரமே கவியா போன் செய்தாள். மூச்சு வாங்கியது.

"படத்துல நாலு நிமிசத்தத் தூக்கிட்டாவக்கா. நீங்க அளக்குறது, தாளு, குப்பு வந்தது, எல்லாத்தையும். ரொம்ப டெக்னிக்கலா இருக்காம். அந்த எடத்துல ஏரோப்ளேன் பறக்குறதப் போட்டு மியூசிக் போடச் சொல்லுதாவ. எங்கிட்ட ஏரோப்ளேனே இல்லன்னேன். கம்ப்யூட்டர்ல செஞ்சுக்கலாம்னு சொல்லிட்டாவ."

"நீ இன்னா சொன்ன?"

"கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஒப்பந்தம் இருக்கேக்கா. நான் என்னத்தச் சொல்ல? வெட்டுனத மட்டும் அழிக்க மாட்டேன்னேன். அது எங்கிட்ட இருக்கு."

திறப்பு விழா ஒரு புதன்கிழமை காலை. கங்கா இரண்டாம் ஷிஃப்ட்டுக்கு மாற்றிக்கொண்டு, சீருடையோடு வந்தாள். நடுச்சுவரில் தகடு தொங்கியது. விளக்கு போட்டிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. பக்கத்துப் பலகையில் 'பெயர் அறியப்படாத ஒன்பது தொழிலாளர்கள்' என்று பெரிய எழுத்தில். கீழே நன்கொடை கொடுத்த கம்பெனிகளின் பெயர்கள், பதினேழு, ஒன்றுகூட விடுபடாமல்.

அவள் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்தாள். முந்தின நாள் தொழிற்சாலையில் வாங்கி, காலைக் கூட்டத்தில் எழுந்து நின்று, எதற்கு என்று மேனேஜரிடமே சொல்லி, கணக்கில் ஏற்றிவிட்டு எடுத்து வந்தது. தகட்டின் ஓர் ஓட்டைக்குள் கம்பியை விட்டு முறுக்கிக் கட்டினாள். பத்து வினாடி வேலை.

தமிழ்வாணன் அட்டையைக் கவனித்தபோது சிறப்பு விருந்தினரின் கார் வாசலுக்கு வந்துவிட்டது. சுத்தம் செய்கிற முனிரத்தினத்தைக் கையசைத்துக் கூப்பிட்டு, "அதக் கழட்டுங்க, சீக்கிரம்" என்றார்.

முனிரத்தினம் ஒப்பந்தத்தில் எட்டு வருடம் ஒரு பிரேக் கம்பெனியில் வேலை பார்த்தவர். தகடுவரை போனார். அட்டையைப் பார்த்ததும் நீட்டின கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"சார், சிவப்பு டேக்கு சார்."

"அதனால என்ன? கழட்டுங்க."

"கையெழுத்துப் போட்டவங்கதான் சார் கழட்டணும். நா கைய வெச்சா இன்னா ஆவும்னு உங்களுக்குத் தெரியாது."

வாசலில் இருந்த காவலாளியைக் கூப்பிட்டார். அவர் அருகில்கூட வரவில்லை, தூரத்திலிருந்தே தலையாட்டினார். விருந்தினர்களாக வந்த மேனேஜர்களில் இருவர் அட்டைக்கு முன்னால் நின்று, பழக்கத்தால், எழுதியிருந்ததை முழுதும் படித்தார்கள். அந்தச் சாலையில் இருபது வருடமாக எத்தனையோ கம்பெனிகள், எத்தனையோ முதலாளிகள். அட்டையின் விதி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்று. தமிழ்வாணன் தானே கழற்றிவிடலாம் என்று ஒரு கணம் கையைத் தூக்கினார். சுற்றி நின்றவர்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார்.

"மேடம், இது என்ன மேடம்?" என்றார் கங்காவிடம், தாழ்ந்த குரலில்.

"குறை முடிஞ்சதும் நானே கழட்டிடறேன் சார். பலகைய மாத்துங்க. மீதி மூணரைய நா தேடிக்கினே இருக்கேன்."

பலகை இன்றுவரை மாறவில்லை. கமிட்டி இரண்டு முறை கூடியது. இரண்டு முறையும் நேரமில்லை. படம் ஏரோப்ளேனோடு ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டையும் தொங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் பலகையைவிட அட்டையைத்தான் முதலில் படிக்கிறார்கள், சிவப்பாக இருப்பதால்.

சுபாஷ் ஒரு ஞாயிறு தன் மனைவியோடு வந்து படித்தான். மறுநாள் ஷாப்பில் கங்காவின் முன்னால் வந்து நின்றான். கண் சிவந்திருந்தது.

"யக்கா, அதுல யார் தப்புன்னு போட்ற எடத்துல என் பேர்தான வரணும்? நீ ஏன் உன்னோடதப் போட்டுக்கின?"

"மஞ்சள் மாட்டினது யாருடா?"



அட்டையில் அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்:

பொருள்: தகடு, ஒன்று.
இருக்க வேண்டியது: ஒன்பது பேர்.
இருப்பது: அஞ்சலை. செங்கேணி. பச்சையம்மா. எல்லம்மா. குப்பு. மு — ம்மா.
குறை: மூன்றரை.
காரணம்: தவறான அட்டை. மாட்டியவர் கங்கா, பெயிண்ட் ஷாப்.

அதற்குக் கீழே 'முடித்த தேதி' என்று ஒரு கட்டம். காலி.